சர்க்கரை வெற்றிலைக் கொடி

"உனக்கு இங்கிலீஷ் வரும்ல?" என்று காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு அக்கா கேட்டார்.

வரும் என்றேன்.

"அப்ப இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. ரெண்டு நாளா ஒட்டினே இருக்குது, இறுகவே மாட்டேங்குது."

சுவரின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் மடித்த ஒரு காகிதத்தையும் வைத்தார். டப்பாவுக்குள் வெள்ளையாக, கெட்டித் தயிர் போல ஏதோ இருந்தது. காகிதம் அதன் செய்முறைக் குறிப்பு. உணவுப் பொருளுக்கு ஏற்ற, அச்சு வார்க்கும் சிலிக்கோன் ரப்பர். இரண்டு டப்பாக்களிலிருந்தும் சம எடை எடுத்துக் கலக்க வேண்டும், நான்கு மணி நேரத்தில் இறுகிவிடும். படித்துக்கொண்டே வந்து கடைசிப் பத்தியில் நின்றேன்.

"கிளவுஸ் போட்டுக் கலக்குனீங்களாக்கா?"

"ஆமா. ஆஸ்பத்திரியில போடுவாங்களே, அது."

"அது பட்டா இது இறுகாதுன்னு போட்டிருக்கு. அந்தக் கிளவுஸ்ல இருக்கற ஏதோ ஒண்ணு இதுக்கு ஆவாதாம்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் காரணம் புரியவில்லை. சுத்தத்துக்காகப் போட்டீர்களா என்று கேட்டேன்.

"சுத்தமா? நாள் முச்சூடும் சோப்பு போட்டுக் கழுவுற கை இது. ஆர்டர் குடுத்தவங்க சொன்னாங்க. கல்யாணத் தட்டும்மா, உன் கை படாம பண்ணு, கிளவுஸ் மாட்டிக்கோன்னு. என் வீட்டுக்காரரு செத்து ஆறு வருஷம் ஆவுது. இந்தக் கை பட்டா பொண்ணுக்கு ஆவாதாம்."

நான் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"வேற இன்னா போட்டிருக்குது?"

"கையை நல்லாக் கழுவித் தொடச்சிட்டுக் கலக்கலாம்னு போட்டிருக்கு."

"பாத்தியா? கம்பெனிக்காரனுக்கே என் கை மேல ஆட்சேபணை இல்ல." அரைப் பெட்டி மிச்சமிருந்த கிளவுஸைக் குப்பை வாளியில் போட்டார். "உன் பேரு இன்னா?"

"சிந்துஜா."

"உள்ள வா சிந்து. டீ குடிச்சிட்டுப் போ."

கஸ்தூரி அக்கா எனக்குப் பழக்கமானது இப்படித்தான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புதிதாக வீடுகள் முளைத்த தெருவில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். வயது நாற்பத்து மூன்று. பிறந்தது அடி அண்ணாமலையில். பத்தாவது முடித்ததும் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருபவர்கள் காபி குடிக்கும் ஒரு பேக்கரியில் கேக் அலங்கரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கணவர் கோதண்டராமன் லாரி மெக்கானிக். நாற்பத்து நாலு வயதில் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

பேக்கரியில் ஒருநாள் வளையும் அச்சு ஒன்று வந்ததாம். அதிலிருந்து சாக்லேட்டை எடுத்ததைப் பார்த்தபோது, குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போல இருந்தது என்பார். அன்று சாயந்திரம் முழுக்க அந்த அச்சை உள்ளே வெளியே திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "இது வளையும்னா, உள்ள இருக்கறது எப்படி வேணா இருக்கலாம்ல?" என்று முதலாளியைக் கேட்டிருக்கிறார். போய் வேலையைப் பார் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியை வைத்துத்தான் அக்கா இன்றைக்கும் பிழைக்கிறார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நிச்சயதார்த்தத்துக்குச் சீர்த்தட்டுகள் வரும். பழம், பூ, புடவை, இனிப்பு என்று ஒற்றைப்படையில் அடுக்கிய தட்டுகளைச் சுமங்கலிகள் வரிசையாகத் தூக்கிவந்து மேடை முன்னால் வைப்பார்கள். அதில் சர்க்கரைப் பொம்மைகளும் இருக்கும். மர அச்சில் ஊற்றும் சர்க்கரைக் கிளிக்கு அலகு மார்போடு ஒட்டியிருக்கும், கால் இருக்காது. மரம் வளையாது அல்லவா, நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் எடுக்கும்போது உடைந்துவிடும். அக்காவின் கிளி வாயைத் திறந்திருக்கும். உள்ளே நாக்கு தெரியும்.

அவருடைய பெயரைச் சொன்னால் ஊரில் எல்லோரும் சொல்வது வெற்றிலைக் கொடியைத்தான். நிஜ வெற்றிலையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார். சுற்றிலும் பிளாஸ்டிக் பட்டையால் கரை கட்டுவார். கலந்த ரப்பரை முதலில் மெல்லிய பிரஷால் நரம்பு நரம்பாகத் தடவுவார், குமிழி தங்கக் கூடாது என்பதற்காக. மீதியை உயரத்திலிருந்து நூல் போல ஒரே மூலையில் ஊற்றுவார், அது தானாகப் பரவும். இறுகிய பிறகு வெற்றிலையை எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத நரம்புகூட ரப்பரில் இருக்கும். எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சிய, இளம்பச்சை நிறம் கலந்த பாகை அதில் ஊற்றுவார். ஆறியதும் கண்ணாடி மாதிரி ஒரு இலை. ஒருமுறை பூச்சி அரித்த ஓட்டை உள்ள இலையை அவர் தேர்ந்தெடுப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன்.

"பூச்சி கடிக்காத வெத்தல பிளாஸ்டிக்ல இருக்கும், கடையில போய் வாங்கிக்கோ."

எடுப்பதுதான் கஷ்டம். சர்க்கரையை அச்சிலிருந்து இழுக்கக் கூடாது. அச்சை மடக்கி மடக்கிச் சர்க்கரையிலிருந்து விலக்க வேண்டும். எடுத்த பிறகு ஆவி பட்டால் கொஞ்ச நேரத்தில் கசிய ஆரம்பிக்கும். வண்டியில் குலுங்கினால் முறியும். ஆகவே அச்சுக்குள்ளேயே வைத்து மண்டபத்துக்குக் கொண்டுபோய், கடைசி நேரத்தில் அங்கேயே உரித்து, ஸ்பிரிட் விளக்கில் காம்பைச் சூடாக்கி ஒவ்வொன்றாகக் கொடியில் ஒட்ட வேண்டும். தட்டு எங்கே போகிறதோ அங்கே அவரும் போயாக வேண்டும்.

கணவர் இறந்த புதிதில் ஒருமுறை வேறு ஆள் கையில் கொடுத்து அனுப்பினார். பாதி உடைந்து போயிற்று. அந்த வீட்டார் உடைத்தவரைக் குறை சொல்லவில்லை. கஸ்தூரி வேலை நிற்காது என்று ஊரெல்லாம் சொன்னார்கள்.

போன ஆவணியில் அடி அண்ணாமலை சந்திரம்மாள் தன் மகள் கவிநிலாவின் நிச்சயத்துக்கு வெற்றிலைக் கொடி கேட்டார். பன்னிரண்டு இலை, நூல் தடிமனில் சுருள், கொடியின் மேல் ஒரு கிளி. தேதிக்கு இரண்டு நாள் முன்பு போன் வந்தது. அக்காவின் கை பாகில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நான் அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"கஸ்தூரியா? நான் பொண்ணோட அத்த, ஆதிலட்சுமி பேசறேன். தட்ட ஆட்டோல ஏத்தி அனுப்பிடு. நீ எதுக்கு அலையற?"

"அலைச்சல் ஒண்ணும் இல்லீங்க. பக்கம்தான்."

"அதுக்கில்லமா. நல்ல காரியம். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"நாலு பேரு பேசுனா தட்டு உடையாதுங்க. ஆட்டோல வந்தா உடஞ்சிடும்."

"சரி, பின்பக்கமா சமையக்கட்டுக்கு வந்துடு. அங்கயே எடுத்துக் குடுத்துட்டுக் கெளம்பு."

"வரேங்க. மத்தத அங்க வந்து பேசிக்கலாம்."

போனை வைத்துவிட்டு அவர் பாகைக் கிண்டினார். வெப்பமானி நூற்று ஐம்பதைத் தொட்டதும் அடுப்பை அணைத்தார். "ஒரு தரம் பின்வாசல்ல நொழஞ்சேன்னு வெச்சுக்கோ, இந்த ஊர்ல எனக்கு எல்லா மண்டபத்துலயும் பின்வாசல்தான்," என்றார். என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

நிச்சயத்தன்று சாயந்திரம் நான்கு மணிக்கு அவரோடு பெட்டி தூக்கிக்கொண்டு நானும் மண்டபத்துக்குப் போனேன். அக்கா மெரூன் பட்டுப்புடவை கட்டி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தார். ஆட்டோக்காரர் பின்பக்கம் திருப்பப் போனார்.

"இங்கயே நிறுத்துப்பா. வாழமரம் கட்டியிருக்காங்களே, தெரியல?"

வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கினாள். அக்கா தானே எடுத்துக்கொண்டார். அதற்குள் ஆதிலட்சுமி வந்துவிட்டார். அகலமான ஜரிகை, கையில் சாவிக்கொத்து. வாங்க என்று சொல்லாமல், "சமையக்கட்டு அந்தப் பக்கம்," என்றார்.

அக்கா மறுபேச்சில்லாமல் போனது எனக்கு ஆச்சரியம். உள்ளே மூன்று அண்டாக்களில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த கல்மேடையை ஒரு துணியால் துடைத்து, உபரியாகக் கொண்டுவந்த ஒரே ஒரு இலையின் அச்சைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார்.

"நான் வராம தட்ட மட்டும் அனுப்பச் சொன்னீங்க இல்ல? நீங்களே எடுங்க."

"இது இன்னா பெரிய வித்தையா?" ஆதிலட்சுமி அச்சின் ஓரத்தைப் பிடித்தார். இலையின் நுனியைப் பிடித்து இழுத்தார். டக் என்று ஒரு சத்தம். பாதி இலை கையிலும் பாதி அச்சிலுமாக நின்றார்.

அக்கா சிரிக்கவில்லை. உடைந்த துண்டை வாங்கி அண்டாவின் பக்கம் கல்மேடையில் வைத்தார். "கொஞ்ச நேரம் பாருங்க."

சமையல்காரர்கள்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலில் பளபளப்பு போயிற்று. பிறகு வேர்த்தது. இரண்டாவது அண்டாவை அவர்கள் இறக்கும்போது நரம்புகள் மழுங்கி, அந்தத் துண்டு கல்லோடு ஒட்டிக்கொண்டது.

"சாம்பார் ஆவிங்க இது. இங்க எடுத்தா உங்க வெத்தல மேடைக்குப் போய்ச் சேரும்போது கஷாயமாயிடும். ஏசி எங்க இருக்குது?"

"ஹால்லதான்."

"ஹால்ல எங்க ஜாஸ்தி?"

சமையல்காரர் ஒருவர் சொன்னார்: "மேடை பக்கம்தான்மா. அங்க ரெண்டு மிஷினு."

"அப்ப மேடைகிட்ட ஒரு மேசையப் போடச் சொல்லுங்க. இல்லன்னா பெட்டிய எடுத்துனு கெளம்பறேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்ககிட்ட தட்டு கம்மியா இருக்கறதுக்கு நீங்க காரணம் சொல்லிக்கோங்க."

சத்தம் கேட்டு வந்த சந்திரம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணி, நேரமாவுது," என்றார் ஆதிலட்சுமியிடம். அந்த அம்மாள் அன்று சொன்னது அவ்வளவுதான். மேசை வந்தது.

நிறைந்த ஹாலில், மேடைக்கு ஆறடி தூரத்தில், கஸ்தூரி அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலைகளை உரித்தார். சுருளின் அச்சைப் பிளேடால் முன்பே கீறிவைத்த கோட்டில் பிரித்து, ஊதினால் போய்விடும் போலிருந்த அந்தச் சர்க்கரைக் கம்பியைக் கொடியில் ஒட்டியபோது நாதஸ்வரக்காரர் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. போன்கள் நீண்டன. மேசை அருகே நின்ற ஒரு அம்மாள் பக்கத்திலிருப்பவரிடம், "இது கோதண்டன் பொண்டாட்டி இல்ல? இவளயா உட்கார வெச்சிருக்காங்க?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"ஆமாங்க, அவங்கதான்," என்றார் அக்கா தலை நிமிராமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

பன்னிரண்டு இலைகளும் நின்றன. மேடை விளக்கு அவற்றின் ஊடாக வந்து மேசை விரிப்பில் பச்சையாக விழுந்தது. கிளியை உட்கார வைத்ததும் தட்டுகளைத் தூக்க ஐந்து பெண்கள் வந்தார்கள். ஆதிலட்சுமி கொடித் தட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் நடந்தார். மெதுவாக நடங்கள் என்று அக்கா சொன்னார். வரிசைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் அச்சுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார்.

கிளம்பும்போது ஒரு பெண் சாப்பாட்டுப் பார்சலை நீட்டினாள். அக்கா அதை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, நேராகப் பந்திக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் தன் இலையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போனார். அக்கா காலியான இடத்தைத் தட்டிக்காட்டி, "சிந்து, இடம் வந்துடுச்சு, உட்காரு," என்றார். பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு போனில் ஆர்டர் வந்தால் அவர் முதலில் சொல்வது, "முன்வாசல் வழியா வருவேன், ஹால்ல உட்கார்ந்துதான் எடுப்பேன். சம்மதம்னா தேதி சொல்லுங்க," என்பதுதான். கார்த்திகை முகூர்த்தங்களில் பாதிப் பேர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் மேசை போட்டார்கள். தையில் இன்னும் கொஞ்சம் பேர். ஆனால் உரித்து முடித்ததும் தட்டைத் தூக்க வேறு கைகள் வந்துவிடுகின்றன. மேசைக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள அந்த ஆறடியை இதுவரை எந்தக் கல்யாணத்திலும் அவர் நடந்ததில்லை. அதற்காக அவர் யாரிடமும் கேட்டதும் இல்லை.

மாசியில் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் குழாயடியில் அச்சுகளைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றாக வாங்கித் துணியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் உத்தரவு போடுகிறவர், அன்று கையிலிருந்த இலை அச்சை மடக்குவதும் விரிப்பதுமாக நெடுநேரம் இருந்தார்.

"சிந்து, உன் நிச்சயத்துக்கு வெத்தலக் கொடிய நான்தான் பண்ணுவேன், அத உன்ன கேக்கல. இன்னொண்ணு கேக்கறேன். பண்ண தட்ட நானே தூக்கினு மொத ஆளா மேடைக்கு வரணும். எழுந்து போறவங்க போவட்டும். உங்கம்மாகிட்ட நீயே பேசுறியா?"