ஓடாமல் நின்ற கமாரோ

1992ஆம் ஆண்டு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. செவன் ஹில்ஸில் இரும்பு உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு லேத் மெஷினில் வேலை. அங்கே சாப்பாட்டு அறையில் இரண்டு நீள மேசைகள் இருந்தன. ஒன்றை மஸ்டாங் மேசை என்பார்கள், மற்றதைக் கமாரோ மேசை என்பார்கள்.

இரண்டுமே அறுபதுகளில் அமெரிக்காவில் வந்த பெரிய எஞ்சின் கார்கள். பந்தயங்களில் ஒன்றையொன்று விடாமல் துரத்தியவை. எங்கள் வேலையை மேற்பார்க்கும் போர்மனிடம் ஒரு பழைய மஸ்டாங் இருந்தது. சாமான்கள் எடுத்துக்கொடுக்கும் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு பழைய கமாரோ. இளம் வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்த கார்களை, ஐம்பது வயதை நெருங்கும்போது துருப்பிடித்த நிலையில் தேடிப் பிடித்து, தங்கள் கையாலேயே திருத்தி எடுத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை பழைய கார்களுக்கான பந்தயத்தில் இருவரும் மோதுவார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கமாரோதான் முந்தியது. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குப் போர்மன் ஸ்டோர்ஸுக்குத் தானே போகமாட்டார். ஆணி வேண்டுமென்றாலும் வேறு ஆளைத்தான் அனுப்புவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவர் என்னிடம், "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் தோளில் துவக்கு மாட்டியிருந்தார்கள். பதில் பிழையானால் வீட்டுக்குத் திரும்ப முடியாது. கார்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எனக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்த போர்மனைப் பார்த்தேன். "மஸ்டாங்" என்றேன்.

அந்த வருடம் சனிக்கிழமைகளில் போர்மன் வீட்டுக் கராஜில் அவரோடு நின்று மஸ்டாங்கின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு சின்ன உதிரிப்பாகத்தை நானே லேத்தில் கடைந்தும் கொடுத்தேன். இந்த முறை எப்படியும் வெல்ல வேண்டும் என்ற வெறி அவரைவிட எனக்குத்தான் கூடுதலாக இருந்தது.

பந்தய நாளன்று என் மனைவியும் வந்தாள். எல்லோருக்கும் மீன் ரோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தாள். அன்றைய கடைசிப் பந்தயத்துக்கு அரை மணி நேரம் இருந்தது. போர்மன், ஓட்டுநர்களுக்கு விதிமுறை சொல்லும் கூட்டத்துக்குப் போயிருந்தார். மஸ்டாங்குக்குப் பக்கத்தில் நானும் மனைவியும் மட்டும்.

அப்போது அந்தக் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் ஸ்டோர்ஸ்காரர் ஓடி வந்தார். கை முழுக்க எண்ணெய். கமாரோவின் கார்புரேட்டரில் பெற்றோல் வழிகிறதாம். உள்ளே பெற்றோலை நிறுத்தும் சின்ன ஊசி வால்வு தேய்ந்துவிட்டது. இரண்டு காருக்கும் ஒரே வகைக் கார்புரேட்டர்தான். "உங்களிடம் ஸ்பெயர் வால்வு ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது. அன்று காலை நான்தான் அதை எங்கள் நீலக் கருவிப் பெட்டிக்குள் வைத்தேன்.

"இல்லை" என்றேன்.

அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் ஓடினார்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "அந்த நீலப் பெட்டிக்குள்ள ஒண்டு இருக்கெல்லோ? காலமை நீங்கள் வைக்கேக்க நான் பாத்தனான்."

"பேசாமல் இரும். அவர் மற்றப் பக்கம்."

"என்ன பக்கம்? காருக்குமோ?"

எங்கள் ஊரில் ஒரு பக்கத்துக்குத் தண்ணீர் கொடுத்ததற்காக மறுபக்கத்திடம் அடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நான் செய்தது விசுவாசம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பந்தயம் தொடங்கியது. கமாரோ நின்ற இடத்திலேயே நின்றது. மஸ்டாங் முதலாவதாக வந்தது. நான் கத்திக் குதித்தேன். போர்மன் இறங்கி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "அவனுக்கு என்ன ஆயிற்று?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

யாரோ ஊசி வால்வு என்று சொன்னார்கள். போர்மன் நீலப் பெட்டியைத் திறந்து அந்தச் சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "நம்மிடம் இருக்கிறதே, ஏன் வந்து கேட்கவில்லை?" என்றபடி கமாரோ நின்ற பக்கம் நடக்கத் தொடங்கினார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அவரை மறித்தேன். "அவர் வந்து கேட்டார். நான்தான் இல்லை என்று சொன்னேன்."

போர்மன் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் உயரவேயில்லை. "ஒரு வருடமாக நான் அவனுக்காகக் காத்திருந்தேன். இன்றைக்கு நான் யாரை வென்றேன்?" என்று கேட்டார். பிறகு பொட்டலத்தை என் கையில் வைத்து, "நீயே போய்ச் சொல்" என்றார்.

அந்த நூறு அடி தூரத்தை என்னால் மறக்க முடியாது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் ஸ்டோர்ஸ்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் "ஏன்?" என்று மட்டும் கேட்டார். "எங்கள் நாட்டில்..." என்று தொடங்கினேன். அதற்குமேல் அவர் தோண்டிக் கேட்கவில்லை. ஒரு ஸ்குரூ டிரைவரை என்னிடம் நீட்டினார். போர்மனும் வந்து சேர்ந்தார். மூன்று பேருமாக வால்வை மாற்றினோம். கமாரோ உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆனால் அதற்குள் பந்தயப் பாதையை மூடிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி, "சொன்னது நல்லதுதான்" என்றாள்.

"முதலே குடுத்திருக்கலாம்" என்றேன்.

"ஓம்" என்றாள்.

திங்கட்கிழமை போர்மன் தன் வெற்றிக் கோப்பையைக் கொண்டுபோய் ஸ்டோர்ஸ் மேசையில் வைத்தார். ஸ்டோர்ஸ்காரர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் அது சாப்பாட்டு அறையில் தேக்கரண்டிகள் போட்டு வைக்கும் பாத்திரமானது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் சொன்னார்கள். எனக்கும் அதுதான் ஆறுதலாக இருந்தது.

அடுத்த வருடம் வரவில்லை. போர்மனுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. இனிப் பந்தயம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஸ்டாங்கை மெல்பர்னிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். ஸ்டோர்ஸ்காரர் மட்டும் ஒரு தடவை போய் ஓட்டினார், முதலாவதாகவும் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டோம். "பக்கத்தில் ஆளில்லை" என்றார். அதற்குப் பிறகு அவரும் போகவில்லை.

இருவருமே என்னை மன்னித்துவிட்டார்கள். போர்மன் ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும், ஒருவரையொருவர் வெல்வதற்காகவே வாழ்ந்த இரண்டு நண்பர்களின் கடைசிப் பந்தயத்தை, பக்கம் பார்த்தே பழகிப்போன என் புத்தி ஒரே சொல்லில் இல்லாமல் செய்துவிட்டது என்பதை நினைக்கும்போது இன்றும் தலை குனிகிறது.