முகமில்லாத ராணி

எங்கள் வீட்டுப் படக்கதைப் புத்தகங்களில் கெட்ட ராணிகளுக்கு முகம் கிடையாது. கழுத்து இருக்கும், கழுத்தில் முத்துமாலை இருக்கும், அதற்கு மேல் முட்டை வடிவத்தில் வெட்டி ஒட்டிய வெள்ளைத்தாள். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லும் விறகுவெட்டி மனைவிக்கும் அப்படித்தான். எழுத்திலும் ஒரே ஒரு சொல்லை மட்டும் வரும் இடமெல்லாம் கறுப்பு மையால் அடித்திருக்கும்.

அப்போது எனக்கு ஆறு வயது. பள்ளிக்கரணையில், சதுப்புநிலம் தெரியும் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். புத்தகங்கள் அக்காவுடையவை, என்னைவிட ஏழு வயது பெரியவள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவற்றை அப்படியே பார்த்ததால், கெட்ட ராணி என்றால் முகம் இருக்காது என்றே நம்பியிருந்தேன். வகுப்பில் ஒருத்தி கொண்டுவந்த புத்தகத்தில் அதே ராணி கண்ணும் மூக்குமாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒரு மத்தியானம், கரண்ட் இல்லை. புத்தகத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் ராணி இருந்த பக்கத்தை மட்டும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அடித்த சொல்லை முதலில் படித்துவிட்டேன். சித்தி. எனக்குத் தெரிந்த ஒரே சித்தி நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். வரும்போதெல்லாம் சாக்லேட் கொண்டுவருவாள். அவளை எதற்கு அடிக்க வேண்டும்?

பிறகு வெள்ளைத்தாளுக்குப் பின்னால் இரண்டு கண்கள் தெரிந்தன. வெளியே மேகம் நகர நகர அவை மூடித் திறந்தன. புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் நானே திரும்பி வந்தேன்.

விரலை எச்சிலில் தொட்டு ஓரத்தை நனைத்தேன். தாள் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே இருந்தவள் அழகாக இருந்தாள். படத்தில் எதிரே நின்ற சின்னப் பெண்ணை அவள் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஆனால் அவளுக்கு வாய் இல்லை. அது தாளோடு பெயர்ந்து வந்து, சிவப்பாக, என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ற?" அக்கா பின்னால் நின்றாள். கையை உதறினேன், வாய் விழவில்லை. சத்தம் கேட்டு அம்மாவும் வந்தாள்.

"அம்மா, இவங்க யாரு? சித்தின்னு போட்டிருக்கு."

முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அக்கா புத்தகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூச்சி அரிச்சிருக்கும்மா. அதான் ஒட்டியிருக்காங்க போல," என்றாள் அக்கா.

"ஆமா," என்றாள் அம்மா.

மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முகத்தின் மேல் மறுபடியும் தாள். தொட்டால் ஈரமாக இருந்தது. ராணியே எழுந்து மூடிக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. புத்தகத்தை பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அதன் பிறகு பல மாதங்கள் அந்த அறைக்குத் தனியாகப் போகவில்லை.

வளர்ந்து கல்லூரிக்குப் போன வருடம், அக்காவின் பாஸ்போர்ட்டுக்காக எடுத்து வைத்த பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் வேறொரு பெயர். அவளைப் பெற்றவள் அவளுக்கு மூன்று வயதாகும்போதே இறந்துவிட்டிருக்கிறாள். என் அம்மா அதற்குப் பிறகு வந்தவள்.

"அவளுக்கு அப்ப அஞ்சு வயசு," என்றாள் அம்மா. "புக்கைப் பார்த்துட்டு என்கிட்ட வரப் பயந்துடுவாளோன்னு ஒட்டினேன்."

"நான் பிச்சப்புறம் மறுபடி ஒட்டினியே?"

"இல்லடி. நான் ஒரு தடவைதான் ஒட்டினேன்."

எனக்கு ஆறு வயதில், தாள் மறுபடி ஒட்டியிருந்த அந்தக் காலையில், தெருமுனையில் பள்ளி வேனுக்குக் காத்திருந்தபோது, அக்கா விரல்நுனிகளில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, ராணி தானாக மூடிக்கொண்டதைச் சொன்னேன்.

"இனிமே பிரிக்காத," என்றாள்.

ராணிக்குக் கோபம் வரும் என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.