பாலமலை தெரியும் ஜன்னல்

2026 ஜனவரி 11, ஞாயிறு. ஸ்டுட்கார்ட் வீட்டில் வழக்கம்போல் எழுந்து, ஹீட்டரைக் குறைத்து, இரண்டு பேருக்கும் காபி போட்டேன். பெட்டிகளை வாசலில் வைத்தபோது பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மையார் வழியனுப்ப வந்தார். என் மனைவி சாந்தாமணி அவருடைய தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டே பேசினாள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். எத்தனை முறை விளக்கியும், ஒவ்வொரு முறையும் திரும்பிவிடுகிறார்.

சாந்தாவுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. நேராகப் பார்ப்பது தெரியாது. ஓரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அந்த ஓரமும் சுருங்கி வருகிறது. அடுத்த குளிர்காலத்துக்குள் அதுவும் போய்விடும், ஊருக்குப் போவதானால் இப்போதே போய்வாருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான். பெரியநாயக்கன்பாளையத்தில் தன் பிறந்த வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பாலமலையை விமானத்தில் மேலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கல்யாணமான புதிதில், எனக்கு ஸ்டுட்கார்ட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை கிடைத்துக் கோவையிலிருந்து கிளம்பினோம். ஜன்னலோரம் அவள்தான். "அதோ உங்க மலை, பாரு" என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "பாத்தா எறங்கிப் போயிருவேனுங்க" என்றாள். அன்றைக்குக் கண் நன்றாக இருந்தது. அதன்பின் ஊருக்கு வந்தபோதெல்லாம் விமானம் இருட்டில் இறங்கியது. இல்லாவிட்டால் ஜன்னலோரம் மகன் உட்கார்ந்திருந்தான்.

ஆகவே இந்த முறை ஒரு வாரம் யோசித்து இருக்கை எடுத்தேன். மும்பை விமானம் பெரும்பாலும் கிழக்கே கருமத்தம்பட்டிப் பக்கமிருந்துதான் கோவையில் இறங்கும். அப்போது மலை வலப்பக்கம் வரும். இறக்கைக்கு மேலே உட்கார்ந்தால் தரை மறையும் என்பதால் முன் வரிசை. காலை விமானமென்றால் வெயில் எதிர்ப்பக்கம், கண் கூசாது. ஜன்னல் அவளுக்கு, நடு இருக்கை எனக்கு.

பிராங்க்பர்ட் கவுன்ட்டரில், மனைவிக்குக் கண் தெரியாது, ஏறி இறங்க உதவி வேண்டும் என்றேன். அங்கிருந்த பெண் மிகுந்த கனிவோடு அவளை நடைவழி இருக்கைக்கு மாற்றிவிட்டார். "ஃபென்ஸ்டர், ஃபென்ஸ்டர்" என்று பதறினேன். ஜன்னல் உங்களுக்குத்தானே என்றார். இல்லை, இவளுக்கு என்றேன். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழையபடியே மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் மும்பையில் விமானம் மாறினோம். எங்கள் வரிசையில் மூன்றாவது ஆள் திருப்பூர் பனியன் வியாபாரி. கோவை நெருங்கியதும் சாந்தா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். சற்று நேரத்தில் என் கையைத் தட்டினாள்.

"ஏனுங்க, ஒண்ணுமே தெரியலீங்க. எந்திரிங்க, எடம் மாறிக்கலாம்."

"ஜன்னல உட்டுப்போட்டு எப்படிப் பாப்ப?"

"நீங்க இங்க சாஞ்சு உக்காருங்க. நான் உங்க மொகத்தப் பாக்கறேன். அப்பத்தான் ஓரத்துல வெளிய தெரியும்."

மாறி உட்கார்ந்தோம். வியாபாரி சிரித்தார். "கொடுத்து வெச்சவருங்க நீங்க. எங்கூட்டுக்காரி கக்கூஸ் பக்கத்துச் சீட்டக்கூட உட்டுத்தர மாட்டா."

"வேடிக்கை காட்டுனாத்தானுங்க இவரு அழுவாம வருவாரு" என்றாள் சாந்தா.

விமானம் சாய்ந்து திரும்பியது. நான் நினைத்த பக்கத்திலேயே, நினைத்த இடத்திலேயே மலை வந்தது.

"தெரியுதுங்க" என்றாள், என் முகத்தைப் பார்த்தபடி. "உச்சியில மேகம் நிக்குது. கீழ பச்சையாட்ட இருக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மொகத்தத்தான் காணோம். அந்த எடத்துல வெறும் ஓட்டை" என்றாள்.

எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. மலை மறைந்துவிடக் கூடாதென்று தலையைப் பின்னுக்கு அழுத்தி அசையாமல் இருந்தேன். சக்கரம் தரையைத் தொடும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவள் பிறந்த வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். சாந்தா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றிருந்தாள். மலை அவளுக்கு இடப்பக்கம். எனக்கு முன்பே வந்திருந்த அவள் அண்ணன், "மலை இந்தப் பக்கம் அம்மணி" என்று தோளைப் பிடித்து அதற்கு நேராகத் திருப்பி நிறுத்தினார்.

"தெரியுதா கண்ணு?"

"நல்லாத் தெரியுதுங்ணா."

நான் தொட்டியோரம் போய் நின்று, "சாந்தா" என்று கூப்பிட்டேன். என் பக்கம் திரும்பினாள். மலை மறுபடி அவளுக்கு இடப்பக்கம் வந்தது. தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை.