ஜாடிக்குள் ஒரு பசிபிக் கடல்

தூண்டில் முள் விற்பதற்கு மீனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். வாங்க வருகிறவர்கள் மீனைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார்கள் என்பது வந்த பிறகே தெரிந்தது. தெரியாத சரக்கைத் தெரிந்ததுபோல் எடுத்துக் காட்டிப் பிழைக்கிற கடைக்கார நண்பர்களுக்கு என் பாடு புரியும்.

முதலியார் கடை சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. சுரங்கத்துத் துரைமார்களுக்கு வேண்டிய பூட்ஸ், டப்பா இறைச்சி, மெழுகுவர்த்தி எல்லாம் கிடைக்கும். லீவு நாளில் பேத்தமங்கலா ஏரிக்குப் போகிறவர்களுக்காக ஓர் அலமாரி நிறையத் தூண்டில் சாமான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பெங்களூரில் பி.ஏ. தேறினேன். சர்க்கார் வேலைக்கு மனுப் போட்ட இடமெல்லாம் பதிலில்லை. மழைக்காலம் முடியும்வரை வைத்துப் பார்க்கிறேன் என்றார் முதலியார். அவருக்குப் பிடிக்காவிட்டால் நானும் அப்பாவோடு கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான். அப்பாவின் இருமலைக் கேட்டுக்கொண்டே படித்தவன் என்பதால், கடையில் தும்முவதற்குக்கூட யோசித்தேன்.

கடலில் ஏது ஈ?

ஒரு நாள் கார்லியன் துரை வந்தார். ஷாஃப்ட் இன்ஜினியர். இங்கே வேலையை விட்டுவிட்டு, முன்பு இருந்த மெக்சிகோ நாட்டுச் சுரங்கத்துக்கே திரும்பப் போகிறார். அந்தச் சுரங்க மலையிலிருந்து இறங்கினால் பசிபிக் கடற்கரையாம். அங்கே கோடைக்காலத்தில் கரையில் நின்று மீன் பிடிக்க, இறகு கட்டிய முட்கள் ஒரு பெட்டி வேண்டும் என்றார். முதலியார் வாயெல்லாம் பல்லாகச் சரி என்றார். துரை போனதும் என் பக்கம் திரும்பினார். “இங்கிலீஷ்ல பேசி ஆர்டர் வாங்கினது நீ. துரை வேணாம்னு வச்சிட்டுப் போனார்னா, அந்தப் பெட்டியோட நீயும் வூட்டுக்குப் போயிடலாம்.”

எங்கள் கடையில் முட்களுக்கு இறகு கட்டுகிறவர் ஜோசப் அண்ணன். கோயிலில் பாதிரியாருக்கு அங்கி தைக்கிறவரும் அவர்தான். ஏரி மீனுக்கு ஈ, தும்பி போலக் கட்டிக் கொடுப்பார். விஷயத்தைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாபா பி.ஏ., ஈ கருவாட்டு மேல உக்காந்து பாத்துக்கீறேன். கடல் மேல எங்கபா உக்காரும்?”

நீருக்குள் சேவல்

நியாயமான கேள்வி. அதை அப்படியே துரையிடம் கேட்டேன். அது ஈயே அல்ல, சின்ன மீன் என்றார். மத்தி மாதிரிப் பொடி மீன்கள் கோடையில் கூட்டமாகக் கரையோரம் வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு பெரிய மீன்கள் முழங்கால் தண்ணீர் வரைக்கும் வந்துவிடும். தண்ணீர் குளிக்கக் காய்ச்சியதுபோல் வெதுவெதுப்பாக இருக்கும். விடியற்காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும், அதுதான் நேரம். வெயில் ஏறினால் கடல் காற்று எழுந்து, வீசிய நூலை முகத்திலேயே கொண்டுவந்து போடும். புயல் மழை பெய்தால் ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும். செந்தண்ணீரும் நீலத்தண்ணீரும் சேருகிற கோட்டில்தான் வீச வேண்டும்.

நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மீனுக்கு முதுகில் சேவல் கொண்டை போலத் துடுப்பு நிற்குமாம். இரையைக் கண்டால் கொண்டை தண்ணீருக்கு வெளியே சிலிர்த்துக்கொண்டு வருமாம். எத்தனை முழம் இருக்கும், கூவுமா, என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே போனேன். துரை தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“நீ முள் விற்கிறாயா, அந்த மீனுக்குப் பெண் பார்க்கிறாயா?”

முட்டை மிதக்கும் பதம்

எங்கள் முட்கள் ஏரித் தண்ணீருக்கு என்று வந்தவை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அவை என்ன ஆகும்? “தாங்கும்னு சொல்லிடு” என்றார் முதலியார். தெரியாமல் எப்படிச் சொல்வது? நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் கடையில் உப்பு மூட்டை இருந்தது, காலி ஊறுகாய் ஜாடி இருந்தது. கடல் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்று தெரியாததால், அம்மா மாவடுவுக்குப் பார்க்கிற பதத்தையே பார்த்தேன்: முட்டை மிதக்கும்வரை உப்பு. கோடைச் சூட்டுக்குத் தகரக் கூரை. ஜாடியை அதன் மேல் ஏற்றி வைத்தேன்.

சில நாளில் முட்கள் செம்மண் நிறமாகிவிட்டன. பட்டு நூல் பிசுபிசுத்தது. சாயம் போட்ட இறகுகள் வெளுத்து, ஜாடித் தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. இதைத் துரையிடம் காட்டினால் பெட்டி போச்சு. காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் போச்சு. காட்டினேன். அவர் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். உடனே வாசலுக்கு ஓடித் துப்பினார். கடையில் இருந்த எல்லாருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே கத்தினார்.

“வெயில் சரி, மேன்! கடல்தான் இல்லே. இது ஊறுகாய்!”

வரிசை

துரைக்குச் சொந்த ஊர் இங்கிலாந்தின் மேற்குக் கோடியில், கடலோரம். எங்கள் சுரங்கத்துத் துரைமார் பலருக்கும் அந்தப் பக்கம்தான். அவரே ஜாடியைக் கழுவி, புதிதாக உப்பைப் போட்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு செம்புக்கும் நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு கட்டத்தில் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றார். நான் அங்கே நிற்கலாமா, போய்விடலாமா என்று தெரியாமல் அலமாரியைத் துடைத்தேன். “இதுதான்” என்றார் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் முடிந்ததும், கேள்விப்பட்ட துரைமார்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். விரலைத் தோய்த்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் உப்பு இதைவிடத் தூக்கல் என்று ஒருவர் சொல்ல, இல்லையென்று இன்னொருவர் சண்டைக்கு நின்றார். வயதான ஃபோர்மன் ஒருவர் ஒரு வாய் முழுங்கியே விட்டார்; மீசையைத் துடைத்துக்கொண்டு போனார். நான் ஜோசப் அண்ணனைப் பார்த்தேன்.

“தங்கம் தோண்ட வந்தவங்க, பி.ஏ., உப்புத் தண்ணிக்கு லைன்ல நிக்கிறாங்கோ பாரு.”

கலாய்

சரியான கடலிலும் முள் துருப்பிடிக்கத்தான் செய்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் உருக்கிக் கலாய் பூசினால் களிம்பு ஏறுவதில்லையே என்று தோன்றியது. முட்களைக் கலாய் பூசுகிற பாயிடம் கொடுத்தேன். வெள்ளி மாதிரி மினுங்கித் திரும்பி வந்தன. ஜாடியில் ஊறப் போட்டும் துரு இல்லை. ஜோசப் அண்ணன் வெள்ளாட்டு வால் மயிரை அடியிலும் மயிலிறகை மேலேயும் வைத்துக் கட்டினார். தண்ணீரில் விட்டுச் சுண்டினால், அசல் பொடி மீன். நான் வேலையை விட்டுவிட்டு அதையே சுண்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நெருப்பில் காய்ந்த முள்ளாயிற்றே, இரும்பு இளகியிருக்குமோ என்று ஒரு கவலை. நானும் ஜோசப் அண்ணனும் முட்களை உத்தரத்தில் கட்டி, ஆணி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். சிலது தாங்கின. சிலது சாவகாசமாக நிமிர்ந்துகொண்டன. எது தாங்கும், எது நிமிரும் என்று பார்வைக்குத் தெரியவில்லை. நிமிர்ந்த முள்ளை எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். அவர் துருத்தியை நிறுத்தவே இல்லை.

“நான் குடத்துக்குப் பூசுறவன், தம்பி. குடத்த எந்த மீனும் இழுக்காது.”

ரயிலுக்கு நேரமாச்சு

துரை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வந்தார். முதலியார் பெட்டியைத் திறந்து வைத்து, என்னைப் பார்த்துக் கண்ணால் ஒரு ஜாடை செய்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். “துரு ஏறாது, இந்த ஜாடி அளவுக்குச் சொல்வேன்” என்றேன். “ஆனால் சில முட்கள் இழுத்தால் நிமிர்கின்றன. எவை என்று எனக்குத் தெரியாது.”

துரை ஒவ்வொரு முள்ளாகக் கல்லா விளிம்பில் மாட்டி இழுக்க ஆரம்பித்தார். முதலியார் கூரையைப் பார்த்தார். பாதிக்கு மேல் நிமிர்ந்தன. மிச்சத்தைப் பெட்டியில் அடுக்கி, அங்கே போய்த் தானே கட்டிக்கொள்ள ஆட்டு மயிரும் மயிலிறகும் கட்டுக் கட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறினார். “அங்கிருந்து வந்து உன்னைத் திட்ட எனக்கு வழியில்லை. இப்போதே சொன்னாயே, போதும்” என்றார்.

வண்டி போன பிறகு முதலியார் நிமிர்ந்த முட்களைத் துடைப்பத்தால் கூட்டினார். என்னைக் கூப்பிடவில்லை, அவரே கூட்டினார். நான் மேல்துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டு போவதற்காக நின்றேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

“நாளைக்கு வெள்ளனே வந்து கடையத் தொற. வாய மட்டும் வூட்லயே வச்சிட்டு வா.”

இந்தத் தொழிலில் தெரியும் என்று சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம், தெரியாது என்று சொல்லத்தான் பி.ஏ. வரைக்கும் படிக்க வேண்டியிருக்கிறது.