இடம் மாறிய முளை

என் சித்தப்பாவுக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்தவன் நான். ஒரு கோலி ஆட்டத்துக்காகக் கெடுத்தேன். பிறகு அதைச் சரிசெய்யப் போய், இன்னொரு முறையும் கெடுத்தேன்.

அப்போது நாங்கள் கன்னடச் சீமையில், மர்பி டவுனில் இருந்தோம். வெள்ளைக்காரர் காலம். சித்தப்பா கணக்கில் பி.ஏ. தேறிவிட்டு வீட்டோடு இருந்தார். பெண் பார்த்து முடிவாகியிருந்தது. ஆனால் வேலை கிடைத்த பிறகுதான் மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறியச் சொல்லலாம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அம்மா பந்தியில், "பி.ஏ. சாருக்கு இன்னும் கொஞ்சம் ரசமா?" என்பாள். "ரசத்துக்கு எதுக்கு அண்ணி பி.ஏ.? மெட்ரிக் போதும்" என்று கையை நீட்டுவார் சித்தப்பா.

எங்கள் கணக்கு வாத்தியாருக்கும் ஒரு குறை இருந்தது. ஒருநாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "கணக்கை நல்லாப் படிச்சா என்ன சார் ஆகலாம்?" என்று கேட்டான். அவர் வாயெடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து, "வாத்தியார் ஆகலாம்டா!" என்று ஒரு குரல் வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அது அவரைத் தைத்திருக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் எங்களை வரிசையாக நடத்திக்கொண்டு ஊரைச் சுற்றக் கிளம்பிவிட்டார். தண்ணீர் இறைக்கும் நிலையம், பாலம் கட்டும் இடம் என்று ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கும் கணக்கைக் காட்டுவார். மனிதர்கள் எந்த வயதுவரை இருப்பார்கள் என்று கணக்குப் போடும் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனபோது, தன் தாத்தாவைப் பற்றி விசாரித்த பையன் வெளியே வந்ததும் குட்டு வாங்கினான்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு நில அளவை ஆபீசில் ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தை அவர் தனியாக அளந்து படம் போட்டுக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை. சனிக்கிழமை ஓவர்சியர் வந்து பார்ப்பார். செய்தி வாத்தியார் காதுக்கு எட்டியது. அந்த வாரம் எங்கள் ஊர்வலம் அந்த மைதானத்துக்குத்தான் என்று அறிவித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சித்தப்பா அல்லவா!

மைதானத்தைச் சுற்றி அங்கங்கே மர முளைகளை அடித்து, ஒரு முளையிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலி பிடித்துத் தூரம் அளப்பார். முக்காலியின் மேல் கருவியை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோணம் பார்ப்பார்.

"சுத்தி வந்து, புறப்பட்ட முளையிலேயே வந்து நிக்கணும்டா. காகிதத்துலயும் அப்படியே வந்து சேரணும். நடுவுல எங்கயாவது பொய் இருந்தா, கணக்கு காட்டிக் குடுத்துடும்" என்றார் என்னிடம்.

வெள்ளிக்கிழமை மாலை பாதி மைதானம் அளந்து முடித்து, எங்கள் கோலிக் குழிக்குப் பக்கத்தில் இருந்த முளையோடு வேலையை நிறுத்திவிட்டுப் போனார். அன்று எங்களுக்கும் அடுத்த தெருப் பையன்களுக்கும் பெரிய ஆட்டம். முளை வழியில் நின்றது. பிடுங்கினேன். கொஞ்சம் தள்ளி, தூங்குமூஞ்சி மரத்துப் பக்கமாக நட்டேன். ஆட்டம் முடிந்ததும் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்றிருந்தேன். ஜெயித்த மகிழ்ச்சியில் மறந்துபோனேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா அந்த முளையிலிருந்தே மீதியை அளந்தார். புல்வெளியில் நாலைந்து அடி வித்தியாசம் யார் கண்ணில் படும்? கருவியைச் சுற்றி எங்கள் வகுப்பு நின்றது. வாத்தியார் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தார். ஓவர்சியர் வந்தார். சித்தப்பா பலகையின் மேல் காகிதத்தை விரித்து, கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்தார். கடைசிக் கோடு முதல் முளைக்கு வந்து சேரவில்லை.

"என்னப்பா இது, உன் மைதானம் வாயைத் திறந்துட்டு நிக்குது? கொட்டாவி விடுதா?" என்றார் ஓவர்சியர்.

பையன்கள் சிரித்தார்கள். சித்தப்பா மறுபடியும் கணக்குப் போட்டார். அதே வாய், அதே அகலம். அப்போதுதான் எனக்கு முளை ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் மண்டியிட்டேன். "ஒரு குச்சியை இடம் மாத்தி வெச்சிட்டேன் சாமி" என்றேன். வேலையைப் பற்றியோ சித்தப்பாவைப் பற்றியோ மூச்சுவிடவில்லை. வலைக்கு அப்பாலிருந்த சாமியாருக்கு அது பெரிய பாவமாகத் தோன்றவில்லை போலும். "இருந்த இடத்திலேயே திரும்ப வெச்சிடு. ஒரு பரலோக மந்திரம் சொல்லு" என்றார்.

இவ்வளவுதானா என்று இருந்தது. பூசை முடிந்ததும் ஓடினேன். முளையைப் பிடுங்கி, அது முதலில் இருந்த ஓட்டையிலேயே இறக்கினேன். மரத்தடியில் இருந்த ஓட்டையை மண்போட்டு மூடி, காலால் தேய்த்து, மேலே சருகையும் பரப்பினேன். பரலோக மந்திரத்தை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். பாவம் தீர்ந்தது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த நேரத்தில் சித்தப்பா ஓவர்சியர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக் கணக்கும் சரி, சனிக்கிழமைக் கணக்கும் சரி, இரண்டும் சந்திக்கும் முளை மட்டும் நகர்ந்திருக்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு என்றுகூடச் சொல்லிவிட்டார். "நீங்களே வந்து பாருங்க சார். முளை மரத்துப் பக்கம் தள்ளி நிக்கும்" என்று கெஞ்சி, ஓவர்சியரைத் திங்கட்கிழமை காலையில் மைதானத்துக்கு வரவழைத்தார்.

சங்கிலி பிடித்து அளந்தார்கள். முளை இருக்கவேண்டிய இடத்தில், ஓர் அங்குலம் பிசகாமல் நின்றது.

"முளை நகரலியே. நீதான்பா எங்கயோ நகர்ந்திருக்கே" என்றார் ஓவர்சியர். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "ஹோகலி பிடப்பா, விடு" என்று கன்னடத்தில் தேற்றிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

சித்தப்பா முளையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையில் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டேன். அறை விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

"எங்கே நட்டே? காட்டு!"

காட்டினேன். சருகை விலக்கி, மண்ணைத் தோண்டி, ஓட்டையைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து முளைக்கு அளந்தார். சட்டைப்பையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். திடீரென்று என்னைத் தூக்கித் தலைக்குமேல் சுற்றினார்.

"கணக்கு சரிடா! டேய், கணக்கு சரிடா!"

வேலை போன மனிதர் ஏன் குதிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சந்தோஷமாக நானும் குதித்தேன்.

பிறகு நானே வற்புறுத்தி, கணக்கு வாத்தியாரோடு ஓவர்சியரிடம் போனேன். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை; வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளைக்கு நல்லாப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கீங்க, வாத்தியாரே."

சொல்லிக்கொடுத்து அழைத்துவந்த கதை என்றே அவர் நினைத்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் வாத்தியாரின் சிபாரிசில் சித்தப்பாவுக்கு எங்கள் பள்ளியிலேயே இடம் கிடைத்தது. ஓலை வாசித்தார்கள், கல்யாணமும் நடந்தது. கணக்கைப் படித்தால் வாத்தியார் ஆகலாம் என்ற பின்வரிசைக் குரலை, கடைசியில் நான்தான் மெய்யாக்கினேன்.

சித்தப்பாவும் வருஷாவருஷம் பையன்களை அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அவர்களே அளப்பார்கள். பாதியில் சாப்பாட்டுக்கு விடும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். யாருக்கும் தெரியாமல் ஒரு முளையை நகர்த்தி வைப்பது என் வேலை. "எந்த முளைடா பொய் சொல்லுது? கண்டுபிடிங்க பார்ப்போம்!" என்பார். அப்படிக் கண்டுபிடித்த பையன்களில் சிலர் பின்னால் நில அளவை வேலைக்கே போனார்கள். எனக்கு மன்னிப்பும் கிடைத்து, உத்தியோகமும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு அலுப்பாக இருக்கும். பள்ளியிலிருந்து அவரோடு வீட்டுக்கு நடந்து வரும்போது, எங்காவது நில அளவைக்காரர்கள் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு போனால், சித்தப்பா நின்றுவிடுவார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நிற்பார். நான் அவர் கையைப் பிடித்து இழுப்பேன்.

"வாங்க சித்தப்பா, பசிக்குது. அவங்ககிட்ட அப்படி என்ன இருக்கு?"