கடைசியில் வந்த சோறு

என் மகள் வலிய வந்து என்னை எங்காவது கூட்டிப்போகிறேன் என்றால், நான் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். அந்தச் சனிக்கிழமை, லண்டனிலேயே ஜப்பானிய முறையில் நடத்தும் ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறாளாம், இரவுச் சாப்பாடும் அங்கேதானாம், வேலையில் பதவி உயர்ந்த சந்தோஷமாம். "அம்மா, அந்த மாம்பழக் கலர் சீலையைக் கட்டுங்கோ" என்று வேறு சொன்னாள். நான் என்ன சீலை கட்டுகிறேன் என்று அவள் ஒருநாளும் கவனித்தது கிடையாது.

"இவள் என்ரை தம்பியையும் கூப்பிட்டிருக்கிறாள்" என்று கணவரிடம் சொன்னேன்.

"உமக்கு எதிலைதான் சந்தேகமில்லை?" என்றார்.

தம்பி லண்டனின் மறுபக்கம், வால்தம்ஸ்டோவில் இருக்கிறான். அம்மா ஹரோவில் என் வீட்டில் கண்மூடிய நேரம் அவன் ஷிப்டில் நின்றான். நான் போன் அடித்தேன், அவன் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் நான் அடித்தேன் என்பது அவன் பேச்சு. போனைப் பார்த்துவிட்டும் எடுக்காமல் விட்டான் என்பது என் எண்ணம். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தியில், நான் இலையில் சோறு போட்ட பிறகு எழும்பினான். "அக்கா, உங்கடை கைச் சோறு இனி எனக்கு வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான்.

கைநீட்டி அடித்தால்கூட எங்கள் ஆட்களுக்கு மறந்துபோகும். போட்ட சோற்றை விட்டு எழும்பினால் மறக்காது. அதன் பிறகு கல்யாண வீடுகளில் நான் நிற்கும்போது அவன் வடை தின்பான், கேக் தின்பான், தேத்தண்ணியும் குடிப்பான். அவை கணக்கில் இல்லை. சோறு தின்றால்தான் சாப்பிட்டது. பந்தி தொடங்க ஆளைக் காணக் கிடைக்காது. அவன் என்னோடு இருந்து ஒருபிடி சோறு தின்னவேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. ஆனால் நான் கூப்பிட்டு, அவன் இன்னொரு தரம் மாட்டேன் என்றால்? அந்தப் பயத்தில் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டேன்.

விடுதி வாசலில் ஒரு பெண் முழங்காலிட்டு எங்கள் செருப்புகளை வாங்கி எங்கோ கொண்டுபோனாள். பிறகு ஆளுக்கொரு பருத்தி அங்கி தந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு வந்த கணவர் ஆஸ்பத்திரியில் இருந்து தப்பி வந்தவர் போல இருந்தார். நான் சீலைக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். அறையில் பாய் விரித்து, ஆளுக்கொரு குட்டிப் பலகைத் தட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேர். தட்டு நாலு.

"நாலாவது ஆருக்கு?"

"அது அவையின்ரை ஸ்டைல் அம்மா" என்றாள் மகள். போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் போனைக் கவிழ்த்து வைக்கிறவள் இல்லை.

முதலில் நகமளவு ஏதோ ஒன்று வந்தது. பிறகு மூடிபோட்ட கிண்ணத்தில் தெளிந்த சூப். மூடியைத் திறந்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு நகர்ந்தது. அதே அங்கியில் தம்பி நின்றான். தலை நரைத்துப்போயிருந்தது. மகளைப் பார்த்துச் சிரிக்க வந்தவன், என்னைக் கண்டதும் திரும்பினான்.

"என்ரை சப்பாத்து எங்கை?"

"அதை உள்ளுக்கு வச்சிட்டினம் மாமா. இருங்கோ."

"நீ மட்டும்தான் எண்டாய்."

"அப்பிடிச் சொல்லாட்டி வந்திருப்பியளோ?"

பரிமாறும் பெண் கையில் தட்டோடு அவனுக்குப் பின்னால் காத்திருந்தாள். அந்த அங்கியோடு வெறுங்காலில் லண்டன் தெருவில் இறங்க முடியுமா? இருந்தான், எனக்கு நேரெதிரே.

பச்சை மீன் வந்தது. நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். அவனும் புரட்டிப் பார்த்தான். பிறகு சுட்ட மீன், அவித்த கிழங்கு, முட்டையில் ஏதோ களிபோல ஒன்று. அவன் எல்லாவற்றையும் தின்றான். என் நெஞ்சு கொஞ்சம் இளகியது. அடுத்த நிமிடமே விஷயம் விளங்கியது. சோறு இல்லை! கள்ளன், வடையும் கேக்கும் தின்ற மாதிரித்தான் இதையும் தின்கிறான்.

"சோறு இல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"அது கடைசியாத்தான் அம்மா வரும்."

தம்பியின் கை நின்றது. நானும் அவனும் அன்றிரவு முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்தோம். என்ன முறை இது? விருந்து முழுவதையும் போட்டு ஆளை இருத்திவிட்டுக் கடைசியில் சோறு தருகிறார்கள். மகள் இந்த இடத்தை ஏன் பிடித்தாள் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. எனக்குப் பிறந்தவள் அல்லவா!

சோறு ஒரு சின்ன மரவாளியில், ஆளுக்கொரு கிண்ணம் சூப்போடு வந்தது. அந்தப் பெண் அதை என் பக்கத்தில் வைத்து, அகப்பையை என் கையில் தந்துவிட்டுப் போனாள். இதுவும் மகளின் ஏற்பாடாகத்தான் இருக்கவேண்டும். கணவருக்குப் போட்டேன். மகளுக்குப் போட்டேன். தம்பியின் சோற்றுக் கிண்ணம் தட்டிலேயே இருந்தது. அவன் அதை நீட்டவில்லை. போதும் என்று கையால் மறைக்கவும் இல்லை. நான் எட்டிப் போட்டேன்.

அவன் குச்சிகளைத் தள்ளி வைத்தான். எழும்பப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கணவர்கூட மெல்லுவதை நிறுத்தினார்.

சூப்பை எடுத்துச் சோற்றின் மேல் விட்டான். கையாலே குழைத்தான். ஒருபிடி வாயில் வைத்து மென்று விழுங்கினான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"அக்கா, நான் அண்டைக்கும் சாப்பிட்டிருப்பன். நீங்கள் ஒருக்கா 'இரடா' எண்டு சொல்லுவியள் எண்டு கதவடி வரைக்கும் பாத்துப் பாத்துத்தான் போனனான்."

அகப்பையைத் திரும்ப எடுத்தேன்.

"இரடா, இன்னும் கொஞ்சம் போடுறன்" என்றேன்.