ஏழு ஸ்பேட்

ராபர்ட்சன்பேட்டையில் என் கணவருக்கு எலக்ட்ரிகல் சாமான் கடை. நான் கோரமண்டலில் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வேலைக்குப் போய்வருகிறவள். நாங்கள் இருவரும் நிதானமாக எதிரெதிரே உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரிட்ஜ் மேஜையில் மட்டும்தான். தங்கச் சுரங்கத்து ஆபீசர்கள் விட்டுப்போன கிளப்பில் இப்போது கடைக்காரர்களும் டாக்டர்களும் ரிட்டயரான டீச்சர்களும் சீட்டாடுகிறோம்.

பிரிட்ஜில் ஜோடிகள் தங்கள் சீட்டைப் பற்றிப் பேசக்கூடாது. ஏலத்தில் என்ன கேட்கிறோமோ அதுதான் பேச்சு. அதைப் படிப்பதில் என் கணவர் சூரர். நான் கேட்டதிலிருந்து மட்டுமல்ல, கேட்காமல் விட்டதிலிருந்தும் என் கையில் இருப்பதைச் சொல்லிவிடுவார். “டயமண்ட தாண்டிப் போனா பாருங்க, அதுல ஒண்ணும் இல்லன்னு அப்பவே தெரிஞ்சிச்சி” என்று ஆட்டம் முடிந்ததும் மற்றவர்களுக்கு விளக்குவார். எனக்குப் பெருமையாக இருக்கும். சில நாள் உடம்பு கூசும்.

அவர் படிக்காத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் ஒரே மகள், கூட வேலை செய்கிற ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். “அப்பாகிட்ட நானே சொல்றேம்மா, நீ வாயத் தொறக்காத” என்றாள். நான் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். பேச்சுவாக்கில், “அம்மாவுக்கு முன்னாடியே தெரியும்ப்பா” என்றும் சொல்லியிருக்கிறாள். இவர் போனை வைத்தார். என்னைப் பார்த்தார். குளித்தார், இட்லி சாப்பிட்டார், கடைக்குப் போனார். கத்துவார் என்று காத்திருந்தேன். மத்தியானம் திரும்பி வந்து, “கெளம்பு, நேரமாச்சி” என்றார். அவ்வளவுதான்.

அன்று எங்களுக்கு எதிர் ஜோடி, ரிட்டயரான கணக்கு டீச்சரும் ஒரு இளவயது பல் டாக்டரும். டீச்சர் என் இடப்பக்கம். மாதா கோயில் பூசை முடிந்து கழுத்தில் ஜெபமாலையோடு அப்படியே வந்திருந்தார்.

மூன்றாவது கையோ நாலாவதோ, எனக்கு நல்ல சீட்டு விழுந்தது. ஒரு ஸ்பேட் என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டு கிளாவர் என்றார். நான் இரண்டு ஸ்பேட் என்றதும் நேராக நாலு நோ டிரம்ப், அதாவது துருப்பில்லாத ஆட்டம், கேட்டார். அது ஆடுவதற்கான ஏலம் இல்லை. உன்னிடம் எத்தனை ஏஸ் இருக்கிறது என்று ஜோடியைக் கேட்கும் கேள்வி. என்னிடம் ஸ்பேட் ஏஸ் ஒன்றுதான். ஒன்று என்பதற்குரிய பதில் ஐந்து டயமண்ட். சொன்னேன்.

“ஏழு ஸ்பேட்” என்றார்.

ஏழு என்றால் பதின்மூன்று பிடியும் எங்களுக்கே வர வேண்டும். ஒரு பிடி போனாலும் தோல்வி. மற்ற மூன்று ஏஸும் கையில் இல்லாமல் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். அவருக்கு மூன்றும் விழுந்திருக்கிறது என்று நினைத்து நான் பாஸ் சொன்னேன். மனசுக்குள் சந்தோஷம்கூட வந்தது. வீட்டில் என்ன இருந்தாலும் மேஜையில் அதைக் காட்டவில்லையே மனுஷன் என்று.

டீச்சர் தயங்கித் தயங்கி, “டபுள்” என்றார். நாங்கள் தோற்போம் என்று பந்தயத்தை இரட்டிப்பாக்குவது அது.

“ரீடபுள்” என்றார் என் கணவர். தோற்றால் நாலு மடங்கு அடி.

டீச்சர் ஹார்ட் ஏஸை இறக்கினார். முதலில் ஸ்பேட் கேட்ட நான்தான் ஆட வேண்டும்; ஆடாத ஜோடியான என் கணவர் டம்மி என்பதால் அவர் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்தார். டயமண்ட் ஏஸ், கிளாவர் ஏஸ், ஹார்ட்டில் ராஜாவும் ராணியும். இரண்டே ஏஸ். ஆறு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம். ஒன்று வெளியே இருப்பது தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்.

நான் மிச்சப் பன்னிரண்டு பிடியையும் எடுத்து முடித்தேன்.

பல் டாக்டர் விளையாட்டாகத்தான் கேட்டார். “இன்னா சார், மேடம் ரெண்டு ஏஸ் சொன்னாங்கன்னு நெனச்சிட்டீங்களா?”

“ஒண்ணுன்னுதான் சொன்னா. எனக்குக் காது நல்லாவே கேக்குது.” குரலை உயர்த்தாமல் சொன்னார். பக்கத்து மேஜைகள் திரும்பும் அளவுக்கு மட்டும் சொன்னார். “இவ ஒண்ணுன்னா இன்னொண்ண மறைச்சி வெச்சிருப்பா, டாக்டர். அதான் ஒண்ணு கூட்டிப் போட்டேன். எம் பொண்ணு ஒரு வேதக்காரப் பையன இட்டுக்கினு சுத்துறா. இவளுக்கு அது அப்பவே தெரியும். எனக்கு இன்னிக்குத்தான் சொன்னாங்க. இன்னா ஜோடி பாருங்க எனக்கு!”

டீச்சர் ஜெபமாலையைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டார்.

“பசங்கள இங்க இழுக்காதீங்க, சார்” என்றார் மெதுவாக.

“உங்களச் சொல்லல டீச்சர், நீங்க சீட்டப் போடுங்க.”

நான் எழுந்து போயிருக்கலாம். போனால், பாதி ஆட்டத்தில் ஓடினவள் என்று அதையும் சேர்த்துச் சொல்வார். உட்கார்ந்தேன்.

அடுத்த கையில் அவர் ஒரு ஹார்ட் என்று ஆரம்பித்தார். என்னிடம் சுமாரான சீட்டு. இரண்டு ஹார்ட் என்றேன். அதற்குமேல் போக ஒன்றுமில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “நாலு நோ டிரம்ப்” என்றார்.

இது சீட்டுக்காகக் கேட்ட கேள்வி இல்லை. எல்லார் எதிரிலும் என்னை மறுபடி வாய் திறந்து ஒப்பிக்க வைக்கத்தான் கேட்டார். சொல்வதை மறுபடி பொய்யாக்குவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பது பிரிட்ஜில் முதல் பாடம்.

“பாஸ்” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. டீச்சர் இந்த முறை தயங்கவேயில்லை. “டபுள்.”

நான் பாஸ் சொன்னதால் அந்தக் கேள்வியே ஏலமாக நின்று, நாலு நோ டிரம்பை அவரே ஆட வேண்டியதாயிற்று. துருப்பு கிடையாது, கையில் பலமும் கிடையாது. இப்போது டம்மி நான். டம்மி பேசக்கூடாது. என் சீட்டுகளை விரித்து வைத்துவிட்டு, அவர் பிடி பிடியாக இழப்பதைப் பார்த்தேன். பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். அவருக்கு வியர்த்தது. எனக்கு அது இனித்தது.

மறுநாளே பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைக்கு வந்த யாரோ, “பொண்ணுக்குக் கல்யாணமாமே” என்று அவரையே கேட்டார்களாம். தன் விஷயத்தை அப்பா கிளப்பில் எப்படிச் சொன்னார் என்பது மகள் காதுக்கும் போயிற்று. பெங்களூரில் ரிஜிஸ்டர் கல்யாணம் என்று முடிவானபோது அவள் என்னிடம், “நீ வா. அவர் வர வேணாம்” என்றாள். அதை நான் மெல்ல மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவள் சொன்ன அதே வார்த்தைகளை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். சாதத்தில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன்.

இப்போதும் நாங்கள்தான் ஜோடி. அவரோடு ஆட வேறு யாரும் வருவதில்லை. என்னைத் தன் ஜோடியாக டீச்சரே கூப்பிட்டும் நான் போகவில்லை. தவறாமல் கேட்கிறோம், தவறாமல் பதில் சொல்கிறோம், கிளப்பில் அடிக்கடி ஜெயிப்பதும் நாங்கள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மற்ற இருவரும் வருவதற்கு முன்னால், சீட்டைக் கலைத்துக்கொண்டே அவர் கேட்டார்.

“கல்யாண போட்டோ இன்னா, எதுனா இருக்குதா?”

“இருக்குது” என்றேன்.

கலைப்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். நான் கையை நீட்டிச் சீட்டுக்கட்டை வாங்கிப் போட ஆரம்பித்தேன்.